ஒருவர் மட்டும் எஞ்சிய சங்கம்

1956 ஆகஸ்ட் 2ஆம் நாள், மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் ஆல்பர்ட் உல்சன் கண்மூடினார். அன்றைக்கே ஒரு சங்கமும் முடிந்துபோயிற்று. 1890இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு உச்சத்தில் இருந்த 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற சங்கம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் பக்கம் நின்றவர்கள் கூடி அமைத்தது. கிராண்ட் தொடங்கி மெக்கின்லி வரை ஐந்து குடியரசுத் தலைவர்கள் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள். அதன் கடைசி உறுப்பினரோ தளபதியும் அல்லர், தலைவரும் அல்லர். டிரம் அடித்த சிறுவன்.

உல்சனின் தந்தை அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ களத்தில் காயம்பட்டு, அந்தக் காயத்தாலேயே இறந்தவர். மகன் 1864 அக்டோபரில், மினசோட்டாவின் முதல் கனரகப் பீரங்கிப் படையில் டிரம் அடிப்பவனாகச் சேர்ந்தான். தான் 1847இல் பிறந்ததாகவே உல்சன் சொல்லிவந்தார். மக்கள்தொகைக் கணக்கேடுகளை ஒப்பிட்டவர்கள் 1850 என்கிறார்கள். அப்படியானால் படையில் சேர்ந்தபோது பதினான்கு வயது. டென்னசியில் சட்டனூகா நகரின் காவலுக்கு அந்தப் படை அனுப்பப்பட்டது. அங்கே சண்டை ஏதும் வரவில்லை. ஒருநாள் அதிகாரி அவர் கையில் நீண்ட கயிற்றின் நுனியைக் கொடுத்து, நான் கத்தும்போது நுனிக்காலில் நின்று, வாயைத் திறந்துகொண்டு இழு என்றாராம். பீரங்கி வெடித்தது, பையன் வெலவெலத்துப் போனான். போரில் அவர் சுட்டது அவ்வளவுதான்.

ஆனால் சாவை அவர் பார்க்காமல் இல்லை. இறந்த வீரர்களைப் புதைக்கப் போகும் குழுவோடு டிரம் அடித்துக்கொண்டு போவது அவர் வேலை. போகும்போது சோகமாக வாசிப்போம், திரும்பும்போது கொஞ்சம் துள்ளலாக வாசிப்போம் என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இந்த ஒரு நினைவு போதும். பதினான்கு வயதுப் பையன்கள் இடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறார்கள். குச்சிகள் தாமாக வேகம் பிடிக்கின்றன. பிற்காலத்தில் அந்தச் சங்கம் செய்த வேலைகளில் பாதி, இந்த இரண்டு வாசிப்புகளுக்குள் அடங்கிவிடும்.

சங்கத்தைத் தொடங்கியவர் பெஞ்சமின் ஸ்டீபன்சன். இல்லினாய் 14ஆம் காலாட்படையின் மருத்துவர். அந்தப் படையின் சமயகுரு வில்லியம் ரட்லெட்ஜ் அவருக்குத் துணை. டிகேட்டர் நகரில் 1866 ஏப்ரல் 6ஆம் நாள் முதல் கிளை அமைந்தது. ஷைலோ போர் மூண்டு அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள். உல்சனின் தந்தை விழுந்த அந்தக் களத்தில் இந்த 14ஆம் படையும் நின்றிருக்கிறது.

அன்றைய அமெரிக்காவில் ஃப்ரீமேசன் போன்ற சகோதர சங்கங்கள் தழைத்திருந்தன; இதுவும் சடங்குகளில் அவற்றின் சாயலோடு பிறந்தது. தொடக்க காலத்தில், புதிதாகச் சேருபவரின் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்து வருவார்கள். கொடி போர்த்திய சவப்பெட்டி, அதன்மேல் திறந்த விவிலியம், குறுக்காக வைத்த வாட்கள். அவற்றின்முன் மண்டியிட்டு உறுதிமொழி ஏற்க வேண்டும். 1869இல் உறுப்பினர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். தோளோடு தோள் நின்ற சிப்பாய்க்கு, அமைதிக் காலத்தில் இன்னொரு படிக்கட்டு எதற்கு? ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. ஸ்டீபன்சன் அதே 1871இல், சங்கம் தேய்ந்து கிடந்த நாளில் இறந்தார். அது பின்னால் அடைந்த உயரத்தை அவர் காணவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நிமிர்ந்தபின் சங்கம் கைவிடப்பட்டவர்களுக்குக் கைகொடுத்தது. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவியது. முதிய வீரர்களுக்கு இல்லங்கள் வரப் பாடுபட்டது. ஓய்வூதியத்துக்காக இடைவிடாமல் குரல் கொடுத்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அழுத்தத்தின் விளைவு. போரில் பட்ட காயம் என்று காட்ட முடியாவிட்டாலும், உடலுழைப்புக்கு இயலாத வீரருக்கு அது ஓய்வூதியம் தந்தது. சங்கம் அரசியல் வாக்குவங்கி ஆகிவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் உடைந்த உடம்போடு வீடு திரும்பியவர் கேட்டது சலுகையன்று, வரவேண்டிய பாக்கி என்பதே என் கருத்து. 1868இல் தலைவர் ஜான் லோகன் ஓர் ஆணை பிறப்பித்தார்: மே 30ஆம் நாள் வீரர்களின் கல்லறைகளில் மலர் சாத்துங்கள். இன்றைய 'மெமோரியல் டே' அதிலிருந்து நாடெங்கும் வேரூன்றியது.

1891இல் டெட்ராய்ட் மாநாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. தென்மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளை உறுப்பினர்கள், கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்றார்கள். மாநாடு மறுத்துவிட்டது. கிளை அளவில் நிறப்பிரிவினை பல ஊர்களில் இருக்கத்தான் செய்தது. ஆயினும் நாடே பிரிவினைச் சட்டங்களை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மறுப்பு பெரிய செயல். அதன் தொடர்ச்சியை 1949இல் பார்க்கலாம். சங்கத்தின் 83ஆவது மாநாடு, இறுதி மாநாடு, இண்டியானாபொலிஸில் கூடியது. 1866இல் முதல் தேசிய மாநாடு கூடியதும் அதே ஊரில்தான். வர முடிந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் ஜோசப் குளோவீஸ்: லூசியானாவில் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, வடபடையில் சேர்ந்தவர். நூறு வயதை ஒட்டியவர்களின் அந்தச் சிறு வரிசையில் அவரும் மற்றவர்களைப் போல ஒரு தோழர்.

சங்கத்தின் விதிகளில் நான் மிகவும் மதிப்பது உறுப்பினர் விதி. 1861 ஏப்ரல் 12க்கும் 1865 ஏப்ரல் 9க்கும் இடையில் வடபடையில் பணியாற்றி, நற்பெயரோடு விடைபெற்றவருக்கு மட்டுமே இடம். மகனுக்குக்கூட இல்லை; மகன்கள் 1881இல் தனி அமைப்பு கண்டார்கள். தங்கள் சங்கம் தங்களோடு சாகும் என்று தெரிந்தேதான் அதை நடத்தினார்கள். அவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட வெண்கல நட்சத்திரம், எதிரியிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. அதை அணியும் உரிமையை எந்த வாரிசுக்கும் எழுதி வைக்க முடியாது.

போர்முனையைக் கண்ட வடபடை வீரர்களில் கடைசியானவரான ஜேம்ஸ் ஹார்ட் 1953இல் இறந்தபின், உல்சன் தனித்து நின்றார். பிழைப்புக்குத் தச்சு வேலை பார்த்த மனிதர். இப்போது அவர் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. சுருட்டு கடைசிவரை விடவில்லை. இறந்தபோது முழு இராணுவ மரியாதையோடு டுலூத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 12ஆம் நாள், உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் சங்கத்தின் நினைவாக ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. வடித்தவர் ஆவர்ட் ஃபேர்பேங்க்ஸ். குதிரையேறிய தளபதிகள் நிறைந்த அந்தக் களத்தில் உல்சன் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார், கிழவராக.