பித்து வந்த வழி

திருச்சியில் ஒருவரை ‘சங்கீதப் பைத்தியம்’ என்றோ ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்றோ சொல்லும்போது, நம்மை அறியாமலே அவருடைய ஈரலைப் பற்றிப் பேசுகிறோம். ஈரலில் ஊறும் கசப்பு நீர்தான் பித்தம். வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு இருந்தால் உடம்புக்குச் சுகம். பித்தம் தலைக்கு ஏறினால் புத்தி தடுமாறும் என்பது நம் வைத்தியர்களின் கணக்கு. பித்து, பித்தன் எல்லாம் அதில் பிறந்தவை. பைத்தியமும் அதே வடசொல்லின் கிளைதான். பித்த நோய்க்கும் அதுவே பெயர். கிரேக்க வைத்தியர்களும் இதே நீரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் சொன்ன ‘மெலன்கோலியா’வுக்குக் கரும்பித்தம் என்று பொருள். புத்தி தெளிய எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் தேய்த்துக் குளிக்கச் சொல்லும் நம் பாட்டிமார் வைத்தியமும் அந்தப் பித்தத்தைத் தணிக்கத்தான்.

பித்தத்தோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு சொல் சங்க காலத்திலிருந்து கூடவே வருகிறது: வெறி. காதலால் மெலிந்த பெண்ணைப் பார்த்து, முருகன் பிடித்துவிட்டான் என்று பயந்த தாய், வேலனை அழைத்து ஆட்டுக்குட்டி பலி கொடுத்து ஆட வைப்பாள். அதுதான் வெறியாட்டு. அதைப் பாடிய புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தெய்வம் ஏறிய ஆளும் ஆட்டுக்குட்டியும் இன்னும் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. திருச்சி புத்தூர் குழுமாயி அம்மன் கோயிலில் குட்டிகுடித் திருவிழா அன்று, தோளில் தூக்கிவரப்படும் மருளாளி ஆட்டுக்குட்டியின் ரத்தத்தைக் குடிப்பதைக் காணக் கூட்டம் தெருவை அடைத்து நிற்கும்.

நோயின் பெயரைப் பட்டப்பெயராக மாற்றியவர்கள் பக்தர்கள். சுந்தரருக்கு அது வாய்தவறி வந்தது. தன் கல்யாணத்தை நிறுத்தி, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையை நீட்டிய கிழவரைப் பித்தன் என்று ஏசினார். கிழவர் சிவன் என்று தெரிந்து அவர் திகைத்து நிற்க, என்னை அப்படித்தானே அழைத்தாய், அப்படியே பாடு என்றார் இறைவன். அந்த ஏச்சே சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல் ஆயிற்று.

ஸ்ரீரங்கத்தில் இது தற்செயலாக நடக்கவில்லை. சேர மன்னர் ஒருவர் வேண்டுமென்றே செய்தார். குலசேகர ஆழ்வார் தம் பெருமாள் திருமொழியில் பட்டத்தை அப்படியே புரட்டிப் போடுகிறார்: அரங்கனுக்குப் பித்தானவர்கள் பித்தர் அல்லர், மற்ற எல்லாரும்தான் பித்தர். அடுத்த பதிகத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், உலகத்தாருக்குத் தாம் பேயன், தமக்கு உலகத்தார் பேயர் என்று தீர்த்துவிடுகிறார். தன்னைப் பேயன் என்று சொல்லிக்கொண்ட அந்த அரசரின் பெயரைத்தான் கோயிலின் மூன்றாம் சுற்று இன்றும் தாங்குகிறது.

அரபு நாட்டிலும் இதே கதைதான். ‘மஜ்னூன்’ என்றால் ஜின் பிடித்தவன். லைலாவுக்காகப் பாலைவனத்தில் அலைந்தவனுக்கு ஊரார் வைத்த பட்டம் அது. 1188இல் நிஜாமி அதைப் பாரசீகக் காவியமாக்க, பிறகு எத்தனையோ கவிஞர்கள் பார்த்து எழுதினார்கள். பாரசீகத்தின் ‘திவானா’வுக்குள்ளும் ஒரு பேய் ஒளிந்திருக்கிறது, ‘தீவ்’ என்றால் பேய். அந்த மொழிகளெல்லாம் நவாபுகளோடும் சூஃபிகளோடும் திருச்சிக்கு வந்தன. 1795இல் இறந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, இங்கே நத்தர்வலி தர்காவில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

நமக்கு மஜ்னூனைத் தேடி அரேபியா போக வேண்டியதில்லை, உறையூரிலேயே ஒருவர் இருந்தார். உறங்காவில்லி என்ற மல்லர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் அப்படியே கட்டுண்டு கிடந்தவர். ஸ்ரீரங்கத்துத் திருவிழாக் கூட்டத்தில், வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்தபடி, அவள் முகத்தை விட்டுப் பார்வை அகலாமல் நடந்து வந்தார். ஊர் சிரித்தது. சீடர்களோடு வந்த ராமானுஜர் மட்டும் சிரிக்கவில்லை. இதைவிட அழகான கண்ணைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டு, கைப்பிடித்து அரங்கன் முன் நிறுத்தினார் என்கிறது குருபரம்பரை. அதன்பின் அவர் பிள்ளை உறங்காவில்லி தாசர். ராமானுஜர் அந்தப் பித்தைக் குணப்படுத்தவில்லை, அது பார்க்கும் திசையைத்தான் திருப்பினார். என் மனத்துக்கு இந்த நெடும்பயணத்திலேயே மிகவும் நெருக்கமான இடம் இது.

வெள்ளைக்காரர் காலத்தில் பித்துக்குக் கட்டடம் வந்தது. 1794இல் மதராஸில் தொடங்கிய மனநோயாளர் விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. லண்டனில் பெத்லஹேம் மருத்துவமனையின் பெயர் தேய்ந்து ‘பெட்லம்’ ஆகி, பெருங்கூச்சலுக்குப் பெயரானதும் இதே வழியில்தான். 1920களில் ‘அசைலம்’ என்ற பெயர் உறுத்துகிறது என்று ‘மெண்டல் ஆஸ்பத்திரி’ ஆக்கினார்கள். அந்த நல்லெண்ணத்திலிருந்து ‘மெண்டல்’ என்று ஒரு புது வசவு கிளம்பியது. திருச்சிக்காரர்களுக்குக் காவிரியின் வடகரையில் குணசீலம் இருக்கிறது. மனம் கலங்கியவர்களைக் குடும்பத்தார் அழைத்துவந்து பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பார்கள். பூஜை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ‘உன்னைக் குணசீலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்’ என்று நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொல்கிறவர்கள், அங்கே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த வாக்கியம் வாயில் வராது.

இயந்திரங்கள் பெருகியபோது பேயும் பித்தமும் போய்த் திருகாணி வந்தது. தலைக்குள் திருகாணி தளர்ந்துவிட்டது என்றார்கள் ஆங்கிலேயர்கள். நாம் ‘லூசு’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் பாதியாக்கி ‘அரை லூசு’ செய்தோம். விட்டுப்போன திருகாணி ‘மரை கழண்டவன்’, ‘நட்டு கழண்ட கேஸ்’ என்று வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்த பிறகு, மரையும் நட்டும் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் திருச்சியிலிருந்து ஒரு குரல் புறப்பட்டுத் தமிழ்நாட்டையே பித்தாக்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இளைஞர்கள் பிடரி வரை முடி வளர்த்து ‘பாகவதர் கிராப்’ வைத்துக்கொண்டார்கள். இந்த ரசிகர்களுக்கு அமெரிக்கர்கள் பேஸ்பால் மைதானத்திலிருந்து கொடுத்த பெயர் ‘ஃபேன்’. அது ‘ஃபனாட்டிக்’கின் சுருக்கம், அதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குக் கோயிலில் சாமி வந்தவன் என்று பொருள். வேலனின் வெறியும் அதே வழியில்தான் தியேட்டருக்கு வந்திருக்கிறது. ‘வெறியன்’ என்றால் முகம் சுளித்த காலம் போய், 2019இல் ‘பிகில்’ படப் பாட்டுக்கு ‘வெறித்தனம்’ என்றே பெயர் வைத்தார்கள். இப்போது நன்றாகப் பந்து வீசினாலும் வெறித்தனம், பிரியாணி ருசியாக இருந்தாலும் வெறித்தனம்.