ஜாம் போத்தல் விளக்கில் இருந்து எல்.ஈ.டி. வரை

சித்திரை வருடம் பிறக்க முன்னமே பஞ்சாங்கத்தைப் பார்த்து, இந்த முறை என்ன நிறத்தில் உடுப்பு எடுப்பது என்று கேட்பது எங்கட வழக்கம். ஒரு வருடம் சிவப்புக்கரைப் பட்டு என்று இருந்தது. கடையில் நல்ல சிவப்பாக இருந்த கரை, டோர்வலில் எங்கட வீட்டில் இரவு விரித்துப் பார்த்தபோது செங்கல் நிறமாய்த் தெரிந்தது. கடைக்காரர் ஏமாற்றிப்போட்டார் என்று மனைவி குறைப்பட்டா. விடிய ஜன்னலடியில் பார்த்தால் அதே சிவப்பு! ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, நான் மலிவாய் வாங்கி ஒட்டின எல்.ஈ.டி. ஸ்ரிப். அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நான் 1989இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கினதோடு குடாநாட்டில் கரண்ட் நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு, போத்தலையே சிமினியாக்கி எரித்தோம். நான் அரிச்சுவடி படித்தது அந்த வெளிச்சத்தில்தான். இங்கே இருந்த எங்கட மூத்தவர்களும் 1998 தை மாத உறைபனி மழையில் இருட்டைக் கண்டவர்கள். அப்போது கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. இரண்டு இடத்திலும் எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: வெளிச்சம் இருக்குதோ, இல்லையோ? அது என்ன மாதிரி வெளிச்சம் என்று கேட்க எங்களுக்கு வசதி இருக்கவில்லை.

மின்குமிழின் கதையில் கனடாவுக்கும் பங்கு உண்டு. 1874இல் ரொறன்ரோவைச் சேர்ந்த ஹென்றி வூட்வேர்ட், மத்தியூ எவான்ஸ் என்ற இருவர் மின்விளக்கு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதை வளர்க்க அவர்களிடம் பணம் இல்லை. பிறகு எடிசன் அந்த உரிமையை வாங்கினார். 1879இல் அவருடைய குமிழ் வெற்றி கண்டது.

ஜாம் போத்தல் விளக்கும் எடிசனின் குமிழும் ஒரே சாதி என்பதைக் கவனியுங்கோ. இரண்டும் சூட்டினால் வருகிற வெளிச்சம். அதில் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளி இல்லாமல் நிறங்கள் இருக்கும். நீலம் குறைவு என்பதால் விளக்கடியில் நீல நூலையும் கறுப்பு நூலையும் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் சிவப்பு சிவப்பாகவே தெரியும்.

1938இல் ரியூப் லைற் விற்பனைக்கு வந்தபோது இந்தத் தொடர்ச்சி அறுந்தது. அதற்குள் பாதரச ஆவியில் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிர், கண்ணாடியில் பூசின மாவில் பட்டு வெளிச்சமாகிறது. செலவு குறைவு. ஆனால் பழைய ரியூப்புகளில் சில நிறங்கள் குறைவாய் இருந்தபடியால், முகங்கள் நோயாளி முகங்கள் போலத் தெரிந்தன.

1993இல் ஜப்பானில் நக்கமுறா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். அதற்காக அவருக்கும் அகசாக்கி, அமானோ ஆகியோருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிரும் மாவைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் வரும். மலிவான எல்.ஈ.டி.யில் குறைவது ஆழ்ந்த சிவப்பு. கனடாவில் 2014இல் பழைய குண்டு பல்புகளின் இறக்குமதி பெரும்பாலும் நிறுத்தப்பட்டதால், எல்லா வீட்டுக்கும் எல்.ஈ.டி. வந்து சேர்ந்தது.

எங்கட பக்டறியில் துணி பார்க்கும் மேசைக்கு மட்டும் வேறு லைற். "இந்த லைற்றில் பார்க்காமல் நிறத்தைச் சரி என்று சொல்லாதே" என்று சுப்பவைசர் சொல்லுவார். அந்த லைற்றின் பெட்டியில் சீ.ஆர்.ஐ. 95 என்று இருந்தது. இந்த அளவை சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1965இல் வகுத்தது. எட்டு நிறங்கள் அந்த வெளிச்சத்தில் எவ்வளவு சரியாய்த் தெரிகின்றன என்பதற்கு 100க்குப் போடுகிற புள்ளி அது. அந்த எட்டிலும் ஆழ்ந்த சிவப்பு இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு.

பட்டுச் சேலை பிழைத்தால் பரவாயில்லை. எங்கட இரண்டாவது பிள்ளை பிறந்து நாலாம் நாள், இரவு முழுக்க அந்த மஞ்சள் ஸ்ரிப்பின் கீழ்தான் வைத்திருந்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. விடிய அம்மா பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, "தம்பி, பிள்ளைக்குக் கண் மஞ்சளடா" என்றா. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நீல வெளிச்சத்தின் கீழ் வைத்துச் சுகமாக்கினார்கள். 1956இல் இங்கிலாந்தில் றொச்போர்ட் ஆஸ்பத்திரித் தாதி ஜீன் வார்ட், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்ததில் இருந்து வளர்ந்த வைத்தியம் இது. வீட்டு லைற்றால் அதைச் செய்யமுடியாது. ஆனால் கைக்குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் ஒருக்கால் பார்க்க மறக்கவேண்டாம்.

ஆகவே வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. 2700, 3000 என்றால் மஞ்சள் கலந்த வெள்ளை. 5000, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. அது விருப்பம். தரம் வேறு: சீ.ஆர்.ஐ. 90க்கு மேலே, ஆர்9 குறைந்தது 50. பழைய 60 வாற்ஸ் பல்புக்கு ஈடு 800 லூமன். நீளமான ஸ்ரிப் என்றால் 12 வோல்ற்றைவிட 24 நல்லது. 12இல் கடைசிப் பக்கம் கெதியாய் மங்கும். அடப்ரரில் சீ.எஸ்.ஏ. போன்ற கனடா அங்கீகார முத்திரை இருக்கவேண்டும். வீடு முழுக்க மாற்றக் காசு இல்லாவிட்டால், குசினிக்கும் பிள்ளை படுக்கிற அறைக்கும் முதலில் மாற்றுங்கோ.

ஜாம் போத்தல் காலத்தில் கிடைத்ததை எரித்தோம். இன்றைக்குத் தெரிவு எங்கட கையில் இருக்குது.