சின்னச் சாவியும் கன்னத் தசையும்: மேலண்ணத்தை விரித்த கதை

போன மே மாதம் கீழ்வேளூரில் அம்மா வீட்டில் இருந்தபோது தொடங்கிய தேடல் இது. என் மகளுக்குப் பத்து வயது. மேல்தாடை குறுகல். ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே உட்காராமல் உள்ளே விழுகின்றன. குறுக்குக் கடி என்கிறார்கள். பல் மருத்துவர் மேலண்ணத்தில் ஒரு விரிப்பான் பொருத்தியிருந்தார். நடுவில் ஒரு திருகு. தினமும் ராத்திரி சின்னச் சாவியை நுழைத்து நான்தான் கால் சுற்று திருப்ப வேண்டும்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "எல்லாத்தையும் குழையக் குழைய ஊட்டி வளத்தீங்க. புள்ள ஒரு பனங்கிழங்காச்சும் கடிச்சுத் தின்னுருக்கா? இப்ப வாயில இரும்ப வச்சுத் திருகுறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மையாக இருந்தால் தப்பு என்னுடையது. அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். நான் பி.இ. படித்தவன், பல் மருத்துவன் அல்ல. படித்துப் புரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணம் என்ற சொல் நமக்குப் பழசு. எழுத்துகள் பிறக்கும் இடத்தைச் சொல்லும்போது தொல்காப்பியமே அதைக் குறிப்பிடுகிறது. அந்த அண்ணம் ஒரே எலும்பு இல்லை. இடமும் வலமுமாக இரண்டு பாதி, நடுவில் தையல் போட்டது போல ஒரு பொருத்து. சிறுவயதில் அது இளகி இருக்கும். பதின்பருவம் போகப் போக இறுகிவிடும். விரிப்பான் செய்வது இந்தத் தையலைப் பிரிப்பதுதான். கால் சுற்றுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். இரண்டு மூன்று வாரத்தில் முன்பற்கள் நடுவே இடைவெளி விழும். பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்பும் வரை கருவியைப் பல மாதம் அப்படியே விட்டுவைப்பார்கள். முன்பல் இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும்.

இதை முதலில் எழுதி வைத்தவர் சான் பிரான்சிஸ்கோவின் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல். வருடம் 1860. பதினான்கு வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் மேல்தாடையில் திருகு வைத்தார். திருப்பும் சாவியை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார். இரண்டே வாரத்தில் முன்பற்கள் விலகின. எலும்பே பிரிந்துவிட்டது என்று அவர் எழுதியதை அக்காலப் பல் மருத்துவ உலகம் நம்பவில்லை. அவர் கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர்களில் ஒருவரான மெக்குவிலனே சந்தேகப்பட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். ஏஞ்சலிடம் காட்டச் சாட்சி இல்லை.

அமெரிக்காவில் இந்த முறைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் ஆண்ட்ரூ ஹாஸ். முதலில் பன்றிகளிடம் சோதித்தார், பிறகு நோயாளிகளிடம். 1961-ல் வந்த அவர் கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலானது. நூறு வருஷம் சும்மா கிடந்த யோசனை!

எலும்புக் கதை இதோடு முடிகிறது. அம்மாவின் கேள்வி மெல்லும் தசையைப் பற்றியது. கன்னத்தில் ஒன்று, நெற்றிப்பொட்டில் ஒன்று: பல்லைக் கடித்தபடி விரல் வைத்துப் பாருங்கள், இரண்டும் புடைக்கும். இந்தத் தசைகளின் மின்துடிப்பை அளக்கும் முறையை 1949-ல் ராபர்ட் மோயர்ஸ் பல் சீரமைப்புக்குள் கொண்டுவந்தார். குறுக்குக் கடி உள்ள குழந்தைகளில் பலர் இரண்டு பக்கத் தசைகளையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. கோணல் உள்ள பக்கம் மெல்லும்போது தாடை சுழலும் திசையே பல சமயம் தலைகீழாகிவிடுகிறது. மேல்தாடையை விரித்த பிறகு இந்தத் தலைகீழ் சுழற்சி குறைகிறது. ஆனால் உடனே அல்ல. பற்கள் புது இடத்தில் முனையோடு முனை முட்டுவதால் முதலில் கடிக்கும் விசை குறையும். கடி நிலைபெற்றதும் மாதக்கணக்கில் மீளும். தசையின் துடிப்பு கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் சொல்வதில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், ஹார்டுவேரை மாற்றிவிட்டோம், டிரைவர் இன்னும் பழசு.

சரி, குறுகலுக்கே காரணம் குழைந்த சோறா? இதற்கு இந்தியாவிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி, இங்குள்ள மானுடவியலாளர்களுடன் சேர்ந்து சண்டிகர் நகர இளைஞர்களையும் சுற்றுக் கிராமத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு 1983-ல் வெளியிட்டார். ஒரே வட்டாரத்து மக்கள். முரட்டுத் தானியமும் கடினக் காய்களும் தின்ற கிராமத்தாரைவிட, மெதுவான உணவு உண்ட நகரத்தாருக்குப் பல்வரிசைக் கோணல் அதிகம். அதற்கு முந்திய வருடம் குரங்குகளிடம் நடத்திய சோதனையிலும் மென்மையான தீனியில் வளர்ந்தவற்றுக்குக் கோணல் கூடுதல்.

ஆக, அம்மா சொன்னதில் பாதி நியாயம். நம் டெல்டாவில் சோறு எப்போதுமே குழைவுதான். ஆனால் அம்மா காலத்தில் சோற்றைச் சுற்றிப் பனங்கிழங்கும் கரும்பும் கல்லு மாதிரிப் பொருள்விளங்கா உருண்டையும் இருந்தன. மறுபாதி, ஒரு கூட்டத்துக்குப் பொருந்துவதை வைத்து ஒரு குழந்தைக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. பரம்பரை, விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. பத்து வயதில் வந்து நிற்கும் குறுக்குக் கடியைப் பனங்கிழங்கு நேராக்கும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. திருகை நிறுத்தாததற்கு அதுதான் காரணம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கருவிய எடுத்ததும் உருண்டை புடிச்சுத் தரேன்" என்றார். திருப்பும் வேலை முடிந்துவிட்டது. கருவி இன்னும் வாயில் இருக்கிறது. அதுவரை கடினமானது, ஒட்டுவது எதுவும் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. இப்போது பேத்திக்குப் பருப்புச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து ஊட்டுவது அப்பாயியேதான்.