புள்ளலூரில் வெடித்த கருமருந்து

காஞ்சிபுரத்துக்கு மேற்கே திருப்புட்குழி; வடக்கே புள்ளலூர். கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் பெரும்போர் மூண்டது. ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சூழ்ந்தனர். போரின் நடுவே கம்பெனியாரின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை நிலைகுலைந்தது; பெய்லி சிறைப்பட்டார்.

துப்பாக்கியில் அடங்கி வேலை செய்யும் மருந்து, வண்டியில் எமனானது ஏன்?

கருமருந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். எரிவதற்கான ஆக்சிஜனை வெடியுப்பே தருகிறது, வெளிக்காற்று தேவையில்லை. திறந்த வெளியில் ஒரு சிட்டிகை மருந்து ‘புஸ்’ஸென்று எரிந்து அடங்கும். அடைபட்ட இடத்திலோ வாயுக்களின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரிதலும் விரைவுபடும்.

அக்காலத் தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே அளந்த மருந்தும் ஈயக்குண்டும். சிப்பாய் அதைப் பல்லால் கிழித்து, சிறிது மருந்தைப் பற்றவைக்கும் கிண்ணியில் இடுவான். மீதியைத் துப்பாக்கிக் குழலில் கொட்டி, குண்டை இட்டுக் கெட்டிப்பான். சுட்டதும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மைசூர் ராக்கெட்டின் இரும்புக் குழாயிலோ வாயு பின்னே பீறிட, ராக்கெட் முன்னே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி!

வண்டியில் அளவும் இல்லை, வாயுவுக்கு வழியும் இல்லை. விளைவு, பேரழிவு.

பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். அங்குள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அவ்வெடிப்பை இன்றும் ஓவியமாகக் காணலாம். அடுத்த தீபாவளிக்குப் பட்டாசைக் கையிலெடுக்கும்போது, வாசகர்களே, அந்த வண்டிகளை நினைவில் கொள்ளுங்கள்.