‘மனிதர்’ என்ற ஒரு சொல்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். பாஸ்டில் சிறை தகர்ந்ததையும், பதினாறாம் லூயி மன்னன் கில்லட்டினுக்குத் தலை கொடுத்ததையும், நெப்போலியன் முடி சூடிக்கொண்டதையும் சுவைபடச் சொல்வேன். இடையே, 1789-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பிரெஞ்சு தேசிய சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றதையும் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மனிதர் யாவரும் பிறப்பால் சுதந்தரமும் சம உரிமையும் உடையவர் என்பது அதன் முதல் விதி.

ஒரு நாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அப்போது பிரான்சுக்கு அடிமைகள் இருந்தார்களா? அவர்களும் அந்த மனிதர்களில் சேர்த்தியா?” என்று கேட்டான். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டான். விடை எனக்குத் தெரியாது என்பதே உண்மை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

சுதந்தரம், சமத்துவம், சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றை மேனாட்டு நெறிகள் என்கிறோம். அவை ஒரே நாளில் முளைத்தவை அல்ல. ஏதென்ஸ் நகரத்துக் குடியாட்சி, 1215-இல் இங்கிலாந்து மன்னன் ஜானிடம் பிரபுக்கள் பெற்ற மகா சாசனம், லாக், மாந்தெஸ்கியூ, ரூசோ போன்ற அறிஞர்களின் நூல்கள், 1776-இல் எழுந்த அமெரிக்க சுதந்தரப் பிரகடனம் என அவற்றின் வேர்கள் நெடுந்தொலைவு ஓடுகின்றன. ஆனால் ஏதென்ஸில் அடிமைகள் இருந்தனர். லாக், அடிமை வாணிகம் செய்த கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். அமெரிக்கப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனும் அடிமைகளை உடையவரே. கோட்பாடு உயர்ந்தது, அதை எழுதிய கைகளோ அதற்கு ஒரு முழம் கீழேதான் நின்றன.

பிரான்சின் நிலை என்ன? கரீபியன் கடலில் சேன் தொமிங் என்னும் குடியேற்றம் அதற்கு இருந்தது. அக்காலத்து ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும், பருகிய காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே வந்தன. நாந்த், போர்தோ துறைமுகங்களின் மாட மாளிகைகள் அச்செல்வத்தால் எழுந்தவை. அத்தீவில் வெள்ளையர் ஏறக்குறைய முப்பதாயிரம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டோரும் அவர் வழியில் வந்தோருமான அடிமைகளோ ஏறக்குறைய ஐந்து லட்சம்.

பிரகடனம் வெளியானதும் தோட்ட முதலாளிகள் அதன் முதல் விதியைக் கண்டு நடுங்கினர். பதினேழாம் விதியைக் கண்டு தேறினர். சொத்துரிமை புனிதமானது என்கிறது பதினேழாம் விதி. அடிமை அவர்களுக்குச் சொத்து! ஒரே ஏட்டின் இரு விதிகள் ஒன்றோடொன்று மோதின. 1790-இல் வென்சான் ஓஜே என்ற கலப்பினத்தவர், தம்மைப் போன்ற சுதந்தர மக்களுக்கு வாக்குரிமை வேண்டிக் கிளர்ந்தார். அடிமைகளின் விடுதலையை அவர் கேட்கவுமில்லை. எனினும் 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்து அவரைக் கொன்றனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் அடிமைகளே எழுந்தனர். கரும்புத் தோட்டங்கள் நாட்கணக்கில் எரிந்தன. பிரிட்டனும் ஸ்பெயினும் பகைவராய் வந்து தீவைக் கவ்வ முனைந்தபோது, பிரெஞ்சு ஆணையர் சோந்தொனாக்ஸ் 1793-இல் வடபகுதி அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். 1794 பிப்ரவரி 4-இல் பாரிஸ் மாநாட்டுச் சபை, குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. முன்னாள் அடிமையான பெல்லே அன்று அச்சபையில் உறுப்பினராய் அமர்ந்திருந்தார். பாரிஸ் நெறியால் கொடுத்ததா, நெருக்கடியால் கொடுத்ததா என்றால், இரண்டும் என்பேன். ஆனால் தீவில் தீ எழாதிருந்தால் நெறி மட்டும் அவ்வளவு விரைவாக நடந்திராது.

நெப்போலியன் அதைத் திரும்பப் பறிக்க முனைந்தான். 1802-இல் அவன் மைத்துனன் லெக்ளேர் பெரும்படையோடு வந்திறங்கினான். கிரேத்-தா-பியரோ கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சு வீரர்கள் ஓர் இரவில் திகைத்துப்போயினர். கோட்டைக்குள்ளிருந்த கறுப்பர்கள் பிரெஞ்சுப் புரட்சிப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர்! நியாயம் எந்தப் பக்கம் என்ற ஐயம் அன்று படையினர் நெஞ்சில் எழுந்ததாக, உடனிருந்த தளபதி லக்ருவா தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். இப்பாடத்தை மீண்டும் நடத்த வாய்த்தால், பாஸ்டிலுக்கு முன் இக்கோட்டையிலிருந்தே தொடங்குவேன்.

முன்னாள் அடிமையும் மாபெரும் தலைவருமான துசேன் லூவெர்த்தூர் வஞ்சகமாய்ப் பிடிக்கப்பட்டு, பிரான்சின் குளிர்மலைச் சிறையொன்றில் 1803 ஏப்ரலில் உயிர்நீத்தார். போரோ நிற்கவில்லை, மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை வாரிக்கொண்டு போயிற்று. 1804 ஜனவரி முதல் நாள் தெசலின் தலைமையில் ஹெய்ட்டி சுதந்தர நாடாயிற்று. அவ்வாண்டே எஞ்சியிருந்த பிரெஞ்சு மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு கொன்றதையும் வரலாறு மறைக்கலாகாது. வென்றோர் கையிலும் குருதி படிந்தது.

1816-இல் தென் அமெரிக்க விடுதலை வீரர் பொலிவாருக்கு ஹெய்ட்டி படைக்கலம் தந்தது. அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பதே அது விதித்த நிபந்தனை. பிரான்சோ 1825-இல் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த ‘சொத்துக்கு’ ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. பின்னர் தொகை 9 கோடியாகக் குறைந்தபோதிலும், அதற்காக வாங்கிய கடன்கள் இருபதாம் நூற்றாண்டு வரை அந்த ஏழை நாட்டை அழுத்தின. தம் விடுதலைக்கு அடிமைகளே விலை கொடுத்தனர்.

1848-இல் பிரான்சு அடிமை முறையை மீண்டும், இம்முறை நிலையாக, ஒழித்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றினர். குவாதலூப் தீவில் அப்படிச் சென்றோர் மரபில் வந்தவர் ஹென்றி சிதாம்பரோம். பிரெஞ்சு நாவில் திரிந்தாலும் அது நம் சிதம்பரந்தான். அங்கேயே பிறந்த இந்திய வழியினருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து 1904-இல் அவர் வழக்காடினார். 1923-இல்தான் அவ்வுரிமை கிடைத்தது.

பெண்களின் வழக்கும் ஒன்று உண்டு. நம் தமிழில் ‘மனிதர்’ இரு பாலுக்கும் பொது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமோ அதற்கு வழங்கிய சொல் ஆணையும் குறிக்கும். 1791-இலேயே பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் என்ற அம்மையார், இரண்டாண்டுகள் கழித்துக் கில்லட்டினில் மடிந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தபோது, முதல் விதியிலிருந்த அதே சொல் ஆணை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளப்படலாம் என்று வாதாடி, மாந்தர் அனைவரையும் குறிக்கும் சொல்லை இடச்செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையார்.

1948 டிசம்பரில் பாரிஸ் நகரத்து ஷாயோ மாளிகையில் பொதுச்சபை கூடியது. 48 நாடுகள் ஆதரித்தன, எட்டு வாக்களிக்கவில்லை, எதிர்த்தது ஒன்றுமில்லை. குழுவின் அறிக்கையாளராக அந்த வரைவை அவைமுன் எடுத்து வைத்தவர் எமில் சேன்-லோ. அவர் ஹெய்ட்டி நாட்டவர்.