மெலாவத்திக் குன்றும் ஆண்டு விழாக்களும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் அவ்வூரின் கோட்டையையும் கல்லறையையும் தேடிச் செல்வர். அவ்வூர் எந்நாளில் எதனைக் கொண்டாடுகிறது என்று கேட்போர் சிலரே. மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதை என்பதைத் தமிழாசிரியர் அறிவர். மன்னன் இந்திர விழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் கூறும் செய்தி. விழாவை மறந்த ஊர் தன்னையே இழந்துவிடும் என்னும் அக்கருத்தை மனத்திற்கொண்டு, கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ஆண்டு விழாக்களை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவன் என் மாணவன் ஒருவன். பொங்கலைப் பற்றிப் பாடம் நடத்துகையில், "ஐயா, பொங்கல் அறுவடைத் திருநாள் என்கிறீர்கள். சுங்கை புரோங் வயலெல்லாம் இப்போது வெறுமையாகத்தானே கிடக்கிறது?" என்று கேட்டான். விடை எளிதன்று. அதனைக் காண முதலில் குன்றின் மேல் ஏறவேண்டும்.

கோல சிலாங்கூர் நகரின் மேல் நிற்பது மெலாவத்திக் குன்று. சிலாங்கூர் சுல்தான்கள் பண்டு இங்கிருந்தே ஆண்டனர். சுல்தான் இப்ராகிம் 1784ஆம் ஆண்டில் ராஜா ஹாஜியுடன் சேர்ந்து மலாக்காவிலிருந்த ஒல்லாந்தரைத் தாக்கினார். அதே ஆண்டில் ஒல்லாந்தர் படையெடுத்து வந்து இக்கோட்டையைக் கைப்பற்றித் தங்கள் ஆளுநர் தலைவர் பெயரால் அல்திங்ஸ்புர்க் என அழைத்தனர். மறு ஆண்டே, 1785இல், சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் இக்குன்றிலேயே அடக்கம் பெற்றுள்ளனர். 1907ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் அந்த ஒல்லாந்தர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

பீரங்கிகள் ஓய்ந்தாலும் குன்றின் பணி ஓயவில்லை. ரமலான் பிறக்குமுன்னும், நோன்புப் பெருநாளுக்கு முன்னும், பிறை பார்க்கும் அதிகாரிகள் மாலையில் இங்குக் கூடுவர். மேற்கே மலாக்கா நீரிணை மறைப்பின்றி விரிந்து கிடப்பதால் பிறை காண ஏற்ற இடம் இது. இதுபோல் நாட்டின் பல இடங்களிலும் பார்த்தபின், ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் அன்றிரவே நாளை அறிவிப்பார். இசுலாமிய ஆண்டு சந்திரனை மட்டுமே பற்றியது; 354 அல்லது 355 நாள் கொண்டது. ஆகவே பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சற்றொப்ப 33 ஆண்டுகளில் எல்லா மாதங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. எந்தப் பருவத்துக்கும் அது கட்டுப்பட்டதன்று.

நம் கணக்கு வேறு. பொங்கல் ஞாயிறு மகர இராசியில் புகும் நாள். ஆதலின் சனவரி நடுவை விட்டு அகலாது. தைப்பூசம் ஞாயிற்று மாதத்தோடு விண்மீனையும் சேர்த்து நோக்குவது. தீபாவளி தேய்பிறையை ஒட்டியது. எனினும் ஐப்பசிச் சூழலை விட்டு நெடுந்தொலைவு போவதில்லை. இவ்விரு கணக்குகளும் எப்போதாவது சந்திப்பதுண்டு. 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளிலும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஓரிரு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்ததை வாசகர் மறந்திரார். பலகாரத் தட்டுகள் அண்டை வீடுகளுக்கு இருபுறமும் சென்றுவந்த காலம் அது.

இனி நிலத்தைக் காண்போம். தஞ்சோங் காராங் நெல் திட்டத்தின் ஒரு பிரிவே சுங்கை புரோங். பறவையாறு என்பது இப்பெயரின் பொருள். செப்டம்பர் முதல் மார்ச்சு வரை வடதிசையிலிருந்து வலசை வரும் பறவைகள் இக்கடற்கரைச் சேற்று நிலங்களில் இரை தேடுகின்றன. இங்கு நெல் விளைவது ஆண்டுக்கு இருமுறை. வாய்க்காலில் நீர் திறக்கும் முறையை ஒட்டி, பெரும்பாலும் ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் அறுவடை நிகழும். காவிரிப் படுகையிலோ சம்பா நெல் தை மாதத்தை ஒட்டி வீடு வந்து சேரும். மாணவன் கண்ட வேறுபாடு இதுவே.

ஆனால் நம்மவர் வாழ்ந்தது வயலில் அன்று, தோட்டத்தில். நாட்டின் முதல் செம்பனை வணிகத் தோட்டம் 1917இல் இவ்வட்டாரத்திலேயே தொடங்கியது. என்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தமிழர் நாவில் பிறந்த பெயர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? செம்பனைக் குலையை ஆண்டு முழுதும் சுற்று வைத்து வெட்டுவர். ரப்பர் மரமோ நாள்தோறும் பால் தருவது. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிரும் சில வாரங்களில் மட்டும் பால் குறையும். விதைப்பு, அறுப்பு, ஓய்வு என்னும் உழவனின் பருவங்கள் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. விடியற்காலைப் பெரட்டு ஒன்றே அவன் அறிந்த பொழுது. எல்லா நாளும் ஒரே நாளாய்க் கழிந்திருக்கும், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றே விழா. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தையையும் ஆடியையும் அவர்கள் எண்ணி வந்தனர். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அண்டைத் தோட்டத்து உறவினர் வந்து கூடினர். கரகமும் தீமிதியும் நடந்தன. 1892ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் தைப்பூசம் நடந்து வருவதும் இவ்வுணர்ச்சியினாலேயே. கண்ணெதிரே அறுவடை இல்லாதிருந்தும் பொங்கல் வைத்தது அறியாமை அன்று. பருவமற்ற வேலைக்குள் ஓர் ஆண்டை அமைத்துக்கொண்ட அறிவு அது. நிலத்தை விட்டு வந்தவர் காலத்தை விட்டுவரவில்லை எனலாம்.

இதனையே அம்மாணவனுக்கு விடையாகக் கூறினேன். மறு ஆண்டு பள்ளிப் பொங்கலுக்குச் சுங்கை புரோங்கில் ஆண்டிறுதியில் அறுத்த நெல்லின் புத்தரிசியை வாங்கிப் பானையில் இட்டோம். மலாய் உழவர் விளைத்த அரிசி. நம் தை முதல் நாள்! முன்னோர் கணக்கும் இம்மண்ணின் விளைச்சலும் ஒரே பானையில் கூடின.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் பிறவற்றுக்கும் மாறிவிட்டன. மக்கள் பட்டணங்களில் சிதறி வாழ்கின்றனர். அண்டைத் தோட்டத்தார் வந்து கூடிய கோயில் முற்றங்கள் சில வெறிச்சோடிக் கிடக்கின்றன. விழா நாளை நாட்காட்டி சொல்லிவிடும். அந்நாளின் காரணத்தை யார் சொல்வது? குன்றின் மேல் நின்று பிறை பார்ப்பவர் தம் கணக்கைத் தாமே கண்ணால் கண்டு அறிகின்றனர். நம் பிள்ளைகளும் தைப்பூச நிலவை வானில் காட்டி விளக்கப்பெறுதல் வேண்டும். அக்கடமை பெரும்பாலும் இனித் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையே சாரும். புகாரைக் கொண்டது கடல். நம்மைக் கொள்ள மறதி ஒன்றே போதும்.