சானெட் இங்கிலாந்துக்கு வந்த வழி

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குச் சானெட் நடத்தும்போது நான் வரலாற்றில்தான் தொடங்குவேன். 13-ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் பிறந்த இந்த 14 வரிக் கவிதையை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் புகழ்பெறச் செய்தார். இத்தாலிக்குத் தூது சென்று வந்த தாமஸ் வயட் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

இத்தாலிய முறையில் முதல் எட்டு வரிக்கும் இரண்டே இயைபு ஒலிகள். அம்மொழிச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் அங்கே இயைபு தாராளம்; ஆங்கிலத்தில் தட்டுப்பாடு. ஆகவே ஆங்கிலக் கவிஞரான சர்ரே பிரபு, மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியுமாகப் பிரித்து ஏழு ஒலிகளுக்கு இடம் கொடுத்தார். 1547-இல் அவருக்கு மரண தண்டனை. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1557-இல் ரிச்சர்ட் டாட்டல் வயட், சர்ரே இருவர் கவிதைகளையும் தொகுத்து அச்சிட்டார்.

1609-இல் வெளியான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளும் ஓரிரண்டு நீங்கலாகச் சர்ரேயின் இதே வடிவம்தான். மாணவர்களே, தேர்வில் ‘ஷேக்ஸ்பியர் சானெட்’ என்று எழுதும்போது சர்ரேயின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.